தைப்பூசத்தன்று பூத்தது

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நிம்மதியாக எழுதலாம் என்று நினைத்தேன். ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, நூறு தடவை. இதை எழுதும்போதும் கைப்பேசியில் அது திறந்துதான் இருக்கிறது. (இதில் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். இந்தக் கதைக்குச் சந்தேகப்படும் வாசகர்தான் தேவை.)

படத்தில் இருப்பது ஒரு டேலில்லி. பழுத்த பப்பாளியின் உள்நிறம். நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு வளையம், அதற்கும் உள்ளே மஞ்சள். வழக்கமாக டேலில்லிக்கு ஆறு இதழ், இதற்கு எட்டு. பின்னால் ஒரு நீலப் பீப்பாயின் (இங்கே தோங் என்பார்கள்) விளிம்பு தெரிகிறது. அவ்வளவுதான் படம். இதற்காக ஈப்போவில் புந்தோங் பக்கம் அடுத்தடுத்த வீட்டில் இருந்த இரண்டு பெண்கள் பதினோரு வருடப் பழக்கத்தை முறித்துக்கொண்டார்கள்.

டேலில்லியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் விரியும், சாயங்காலத்துக்குள் வதங்கும், மறுநாள் ஈரத் துணி மாதிரி தொங்கும். அதற்குள் பக்கத்து மொட்டு விரிந்துவிடும். சீனர்கள் இதன் மொட்டைக் காயவைத்து, கிம்சாம் என்று சூப்பில் போடுகிறார்கள். தமிழில் ஒருநாள் லில்லி என்று எழுதிப் பார்த்தேன். புந்தோங்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அதனால் அடித்துவிட்டேன். ஒரு பூ ஒரே ஒரு நாள்தான் இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். துப்புத் துலக்குவதற்கு அது உதவும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி படர்ந்த விடியற்காலையில் துளசி தன் தோட்டத்துக்குள்—"

புந்தோங்கில் விடியற்காலையில் படர்வது பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் புகை. வேண்டாம்.

அடுத்தது: "பூக்களை நேசிப்பவர்கள் மென்மையான மனம் கொண்டவர்கள். துளசியும்—" இது சுத்தப் பொய். நான் பார்த்த வரையில் பூ வளர்ப்பவர்களைப் போலப் பொல்லாதவர்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுத் தொட்டியில் ஒரு மொட்டு கூடுதலாக இருந்தால் அன்று அவர்களுக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது: "துளசி யாரையும் நம்ப மாட்டாள்."

இது நிற்கும். இதிலிருந்தே போகிறேன்.

3

துளசி யாரையும் நம்ப மாட்டாள். அது அவளுடைய குணம் மட்டுமல்ல, தொழிலும்கூட. கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவள். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில் ஒரு சொட்டு வந்து நிற்கும். அந்தச் சொட்டு வரும்வரை எந்தக் கையுறையும் நல்லதுதான், வந்த பிறகு அந்தப் பெட்டி முழுவதுமே சந்தேகம்தான். இருபத்திரண்டு வருடம் இப்படிப் பார்த்த கண் வீட்டுக்கு வந்ததும் மட்டும் மாறிவிடுமா? மீன்காரன் தராசையும் பார்க்கும், கணவர் கார்த்திகேசு "கோயிலுக்குப் போறேன்" என்று கிளம்பும்போது போட்டிருக்கும் செருப்பையும் பார்க்கும்.

வேலையை விட்டுவிட்டுப் புந்தோங்குக்குக் குடிவந்தபோது, பக்கத்து வீட்டு எல்ஸி ஒரு தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "டேலில்லி. சாகாது. நீயே சாகடிக்கப் பாத்தாலும் சாகாது" என்றாள். அதுதான் தொடக்கம். பதினோரு வருடத்தில் துளசியின் மூலைவீட்டு முற்றம் முழுக்கத் தொட்டியாகிவிட்டது. அதில் பதினான்கு எல்ஸி கொடுத்தவை. மற்றவை வாங்கியவை, பிரித்து நட்டவை. கடைசி வரிசையில் இருப்பவை மட்டும் துளசியே பிறப்பித்தவை.

பிறப்பிப்பது என்றால் இப்படி. காலை எட்டு மணிக்குள் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் நுனியில் தொட்டு வைக்க வேண்டும். எதோடு எதைச் சேர்த்தோம் என்று எழுதிய சீட்டைக் காம்பில் கட்ட வேண்டும். (துளசி அதைக் கட்டுவது கழித்துப்போட்ட கையுறையின் மணிக்கட்டு வளையத்தால். ரப்பரை விட்டு வந்தாலும் ரப்பர் அவளை விடவில்லை.) காய் முற்றிக் கறுப்பு விதை கிடைக்கும். அதை நட்டால் முதல் பூவுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பூத்தபின் நூற்றுக்குத் தொண்ணூறு சுமார்தான். பிடுங்கிக் குப்பையில் போட வேண்டும். அப்படிப் போட்டது போக மிஞ்சியது பதினேழாம் நம்பர்.

பதினேழாம் நம்பர் முதல் தண்டு விட்டபோது அதில் பதினான்கு மொட்டு. ஒவ்வொன்றும் விரியும் நாளில், ஏழே காலுக்கு, துளசி ஒரு கறுப்புக் குடையோடு வருவாள். வெயில் நேராகப் பட்டால் சிவப்பு சிவப்பாக விழாது. குடையை இடது தோளில் சாய்த்து, பூவுக்குப் பின்னால் கறுப்பு அட்டையைத் துணிக்கிளிப்பில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பாள். எடுத்தபின் பள்ளிக்கூட நோட்டில் தேதி எழுதுவாள். முந்தைய நாள் பூவைக் கிள்ளிப் போடுவாள். பதினான்கு மொட்டில் பதின்மூன்று இப்படிப் படமாகி நோட்டில் ஏறின. ஒன்று விட்டுப்போனது. தைப்பூசத்தன்று விரிந்தது.

அன்று விடிகாலை நாலு மணிக்கே துளசி பால்குடத்தோடு கிளம்பிவிட்டாள், புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக் கோயில் வரைக்கும் நடை. வீட்டுப் பாகாரின் (வாசல் இரும்புக் கதவின்) சாவியை முந்தைய நாளே எல்ஸியிடம் கொடுத்து, "தண்ணி மட்டும் ஊத்துங்கக்கா, வேற ஒன்னும் செய்ய வேணாம்" என்றிருந்தாள். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது பூ கூழாகிவிட்டிருந்தது. இதழை எண்ண வழியில்லை. கிள்ளிப் போட்டுவிட்டு நோட்டில் எழுதினாள்: "14ல் ஒன்று பார்க்கவில்லை."

4

படம் எங்கே வந்தது என்பதற்கு முன்னால் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். விதி என்றால் தலைவிதி அல்ல, முகநூல் குழுவின் விதி.

நாடு முழுக்க டேலில்லி வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. நடத்துகிறவர் கேமரன் மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இராமசாமி. ஒருமுறை இரண்டு பேர் ஒரே பூவுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துச் சண்டை போட்டு, ஒருவர் இன்னொருவர் வீட்டுக்கே போய்விட்டார். அதிலிருந்து ஆசிரியர் கறாராகிவிட்டார். புதிய பூவின் தெளிவான படத்தோடு முதலில் எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் பெயர். ஜூலையில் அவர் தயாரிக்கும் பட்டியலில் அது ஏறும். ஏறினால் ஏறியதுதான். போட்டவரே தன் சொந்தப் பெயரில், எல்லாருக்கும் தெரிய, "இது என் பூ அல்ல" என்று எழுதினால் மட்டும் மாற்றுவார்.

துளசி பெயரை எப்போதோ முடிவு செய்துவிட்டாள். செல்லாயி. அவள் அம்மா.

செல்லாயி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்வெட்டி, அறுபத்தெட்டு வயதில் செத்துப்போனவள். பிறப்புப் பத்திரம் கிடையாது. கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். அவள் வெட்டிய மரத்துக்கு நம்பர் இருந்தது, ஆர்.ஆர்.ஐ.எம். அறுநூறு என்று. எந்த மரத்தோடு எந்த மரத்தைச் சேர்த்து அது வந்தது என்பதுகூட எழுதி வைத்திருந்தார்கள். வெட்டியவளை யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. "ஒரு லிஸ்ட்லயாவது எங்கம்மா பேரு ஒழுங்கா வரட்டும்" என்று துளசி சொன்னது ஒரே ஓர் ஆளிடம்தான். கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம், எல்ஸியின் சமையலறையில். எல்ஸி பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் துளசியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரவிக்கையில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்தன.

அம்மாவின் திதி மாசியில் வருகிறது. அன்றுதான் படத்தைப் போட வேண்டும் என்று துளசி காத்திருந்தாள். திதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வெங்காயம் உரித்துக்கொண்டே கைப்பேசியைத் தள்ளியவள் கண்ணில் அது பட்டது. "ஈப்போ காலை" என்று ஒரு முகமில்லாத கணக்கு. எட்டு இதழ். கீழே: "பெயர்: ஈப்போ சன்ரைஸ்." நானூற்றுப் பன்னிரண்டு பேர் விரும்பியிருந்தார்கள்.

(ஈப்போ சன்ரைஸ்! பிஸ்கட் கம்பெனிகூட இதைவிட நல்ல பெயர் வைக்கும். வைத்தவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது.)

"ஏங்க, இங்க வாங்க. இது நம்ம பதினேழு."

கார்த்திகேசு மூக்குக்கண்ணாடியைத் தேடி வந்து பார்த்தார். "எல்லா லில்லியும் ஒரே மாரிதானே இருக்கு. ஊர்ல உனக்கு மட்டும்தான் பூக்குதா?"

"பின்னாடி பாருங்க. நம்ம நீலத் தோங்."

"தோங் எல்லார் வீட்லயும் இருக்குலா."

"வாயில நெருப்புப் பட்டு உருகுன தோங் எத்தன வீட்ல இருக்கு? கற்பூரத் தட்ட அது மேல வச்சது யாரு? நீங்கதானே?"

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றினார். துளசி நோட்டை எடுத்தாள். பதின்மூன்று பூ, பதின்மூன்று படம், எல்லாம் ஆறு இதழ். எட்டு இதழ் பூத்திருந்தால் அது அவள் பார்க்காத பூவாகத்தான் இருக்க வேண்டும். பார்க்காத பூ ஒன்றுதான். அது இருந்தது ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் சாவி ஓர் ஆளிடம்தான்.

சொட்டு வந்து நின்றுவிட்டது.

5

எல்ஸி வாசலில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். துளசி கைப்பேசியை நீட்டினாள், உட்காரவில்லை.

"எல்ஸிக்கா, பூசத்தன்னிக்கு எங்க பாகார யாரு தொறந்தது?"

"நான்தான். தண்ணி ஊத்தச் சொன்னியே."

"வேற யாரும் வந்தாங்களா?"

எல்ஸி படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கையில் இருந்த நெத்திலியை மறுபடி தட்டிலேயே போட்டாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கு."

"அதுவா இப்ப பேச்சு?"

"யாரும் வரல, துளசி. நான்தான் எடுத்தேன். நான்தான் போட்டேன். ஆசயா இருந்துச்சு."

"பேரு?"

"அதுவும் நான்தான்னு வச்சுக்கயேன்."

துளசிக்கு அழுகை வந்தது. வந்ததை அவள் எல்ஸிக்குக் காட்டவில்லை. "எங்கம்மா பேருன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருசம்லா, எல்ஸிக்கா."

மறுநாள் காலை எல்ஸி வீட்டு வாசலில், ரோட்டோரமாக, பதினான்கு தொட்டி வரிசையாக இருந்தன. எல்ஸி கொடுத்தவை எல்லாம். ஒன்றைக்கூட உடைக்கவில்லை, ஓர் இலையைக்கூடக் கிழிக்கவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

எல்ஸி அவற்றை உள்ளே எடுத்து வைக்கவில்லை. "எடுத்து வச்சா திருப்பி வாங்கிக்கிட்டேன்னு ஆயிரும்" என்றாள். தினமும் ரோட்டில் நின்றே தண்ணீர் ஊற்றுகிறாள். மோட்டார் சைக்கிள்கள் வளைந்து போகின்றன. துளசி அந்தப் பக்கம் திரும்பாமல் கடைக்குப் போகிறாள், இரண்டு மாதமாக.

6

இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. எல்ஸி என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. அவள் சொன்னதை நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

அறுபது வயது. கைப்பேசியின் கண்ணாடி மூன்று துண்டு. பேத்தியின் பிறந்தநாள் படத்தில் கேக்கை மட்டும் எடுத்து, பேத்தியின் தலையை வெட்டியவள். முகநூலில் அவளுக்குக் கணக்கு கிடையாது. மாதா கோயில் அறிவிப்பையே இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவள் குடை பிடித்து நிழல் பார்த்துப் படம் எடுத்தாளாம், புனைபெயரில் கணக்குத் திறந்தாளாம், ஆங்கிலத்தில் பெயர் வைத்தாளாம்.

துளசியின் கண் இதை எப்படி விட்டது என்று கேட்கலாம். கோபம் வந்தால் யாருக்கும் கண் சரியாகத் தெரியாது. ஒப்புக்கொண்ட ஆளை யாரும் மேற்கொண்டு பரிசோதிப்பதும் இல்லை.

சரி, எல்ஸி ஏன் பொய் சொன்னாள்? கதையில் அதற்குக் காரணமே இல்லை. அவளையும் அவள் கணவர் அலெக்சாண்டரையும் தவிர அந்த வீட்டில் யாரும் இல்லை. அலெக்சாண்டருக்கு டேலில்லிக்கும் வெங்காயத்தாளுக்கும் வித்தியாசம் தெரியாது.

[அடித்த வரி: எல்ஸி தன் நண்பர் ஒருவரைக் காப்பாற்றவே அவ்வாறு—]

[அடித்த வரி: மனித மனம் விசித்திரமானது.]

வேறு வழியில்லை. எல்ஸி வீட்டில் ஓர் ஆளைக் குறைத்து எழுதிவிட்டேன். திருப்பிச் சேர்க்கிறேன்.

7

பெர்னடெட், அலெக்சாண்டரின் தங்கை. நாற்பத்தெட்டு வயது. கோலாலம்பூரில் ஒரு பத்திரிகையில் இருந்தாள். பத்திரிகை மூடியதும் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். "ஒரு ரெண்டு மாசம்" என்று வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. கதை எழுதுகிறவள். கடைசியாக வந்த கதைக்கு ஒரு கடிதம் வந்தது, எழுத்துப்பிழைகளைப் பட்டியல் போட்டு.

தைப்பூசத்தன்று காலை அண்ணியோடு அவளும் துளசி வீட்டுக்குப் போனாள். அந்தப் பாகார் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் தள்ள வேண்டும். எல்ஸி குழாயைத் திருப்பப் போனபோது பெர்னடெட் கடைசி வரிசையில் அந்தப் பூவைப் பார்த்தாள். எட்டு இதழ். குடை கொடிக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போட்டோலாம் எடுக்காதம்மா, துளசிக்குப் பிடிக்காது."

"சும்மா ஒன்னு, அண்ணி. நான் பாத்துக்கத்தான்."

ஒன்றுதான் எடுத்தாள். அது நன்றாக வந்துவிட்டது, அதுதான் கேடு. குழுவில் போட்டாள். யாரோ பெயர் கேட்டார்கள், ஒரு பெயரைச் சொன்னாள். விரும்பியவர்கள் எண்ணிக்கை ஏற ஏற, சோறு சாப்பிடும்போதும் பார்த்தாள். அதற்குத் துளசி என்ன பெயர் வைத்திருந்தாள் என்பது பெர்னடெட்டுக்குத் தெரியாது.

துளசி வந்து கேட்டுவிட்டுப் போன அன்று, எல்ஸி சமையலறையில் இவளிடம் சொன்னாள்: "எம்மேல கோவப்பட்டா பத்து நாள்ல சரியாயிருவா. பதினோரு வருசம் இருக்கு, தாங்கும். உன்மேல பட்டா இந்த ரோட்ல உன்ன எங்க வச்சுப் பேசுவா? போ, போய் எழுதுற வேலயப் பாரு."

எல்ஸி போட்ட கணக்கு தவறு. அந்நியர் செய்ததைத்தான் பத்து நாளில் மறக்கலாம், பதினோரு வருடம் பழகியவர் செய்ததை எப்படி மறப்பது? இதை எல்ஸியிடம் சொல்ல பெர்னடெட்டுக்குத் தைரியம் இல்லை.

எழுதுகிற வேலையைப் பார்த்தாள். இதுதான் அது. பெர்னடெட் என்று இவ்வளவு நேரம் யாரைச் சொன்னேன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

8

முடிவுகளும் எழுதினேன்.

ஒன்று: இராமசாமி ஆசிரியர் படத்தைக் கூர்ந்து பார்த்து, நீலப் பீப்பாயைக் கண்டு, தாமே உண்மையைக் கண்டுபிடித்து— அவர் என்ன போலீசா? எனக்கு வேலை மிச்சம் என்பதைத் தவிர இதில் நல்லது ஒன்றும் இல்லை.

இரண்டு: மழை. பெருமழை. தொட்டிகள் வெள்ளத்தில் மிதக்கின்றன. துளசியும் எல்ஸியும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவந்து ஒரே தொட்டியைப் பிடிக்கிறார்கள். கண்கள் சந்திக்கின்றன. (எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அழுகை வந்ததாலேயே சந்தேகப்பட்டேன். இதில் நான் எங்கே? வீட்டுக்குள், ஜன்னல் ஓரத்தில், நனையாமல்.)

மூன்று: எல்ஸி செத்துப்போகிறாள். சவப்பெட்டியின் மேல் துளசி ஒரு டேலில்லியை— இதை எழுதிய மறுநிமிடம் அண்ணி கதவைத் தட்டி, "டீ ஆறுது" என்றாள். காகிதத்தைக் கசக்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

பிறகு ஏழு பகுதியையும் பிரதி எடுத்துக்கொண்டு துளசி வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

9

துளசி பாகாரைத் திறக்கவில்லை. கம்பி இடுக்கு வழியாகக் காகிதங்களை வாங்கினாள். "என்னா இது?"

"படிங்கக்கா."

வெயிலில் நின்றே படித்தாள். வரிக்கு வரி விரலை வைத்து. உள்ளேயிருந்து கார்த்திகேசு "யாரு?" என்றார். "தபால்" என்றாள். ஏழாம் பகுதிக்கு வந்ததும் விரல் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. முதல் காகிதத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தாள்.

"எல்ஸிக்காவ நல்லா எழுதியிருக்க" என்றாள் கடைசியில். "உன்னயும் நல்லாத்தான் எழுதியிருக்க. பாவம், வேல போச்சு, யாரும் படிக்கல, ஒரு படம் போட்டுட்டா. பேரு தெரியாமப் போட்டுட்டா. அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"ஒரு எடத்துல ஓட்ட இருக்கு."

நாலாம் பகுதிக் காகிதத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மா பேரச் சொன்னப்ப எல்ஸிக்கா மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தாங்கன்னு எழுதியிருக்க. ரவிக்கையில அஞ்சு வெரலும் பதிஞ்சதுன்னு எழுதியிருக்க. அத நான் யாருக்கும் சொல்லல. வீட்டுக்கு வந்து தொவச்சுப் போட்டுட்டேன். அவுங்க உனக்குச் சொன்னாங்களா? சொல்றவங்க மாவப் பத்தியா சொல்வாங்க?" காகிதத்தை இறக்கினாள். "நீ அங்க இருந்திருக்க. பின்னறைல. கதவு தொறந்திருந்திருக்கு."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதுகிறவர்களுக்கு அது கஷ்டமில்லை.

"ஆமா."

"பேரு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் போட்ட."

"ஆமாக்கா."

"ஏன்?"

கதையில் நான் எழுதாமல் விட்டது இதுதான். அன்று பின்னறையில் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சிவப்பு அட்டை, மரத்தின் நம்பர், ஒரு லிஸ்ட்லயாவது வரட்டும் என்றது, எல்லாம். கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, இது நல்ல கதை ஆயிற்றே என்பது. அடுத்தது பொறாமை. நான் முப்பது வருடம் எழுதி யாருக்கும் ஒரு பெயரை நிறுத்தி வைக்கவில்லை. இவள் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு நிறுத்தப் போகிறாள். பூசத்தன்று அந்தப் பூ என் முன்னால் நின்றபோது, அவளுக்கு முன்னால் ஒரு தடவையாவது நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் இல்லை.

இதைத் துளசியிடம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. "பொறாமைக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபம் தெரியவில்லை. இரண்டு மாதமாகத் தேடிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதிதான் முகத்தில் இருந்தது. உடனே அது போய்விட்டது. பக்கத்தில், எல்ஸி வீட்டு வாசலில் இருந்த தொட்டிகளை இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"அவுங்கள நான் என்னென்னவோ நெனச்சிட்டேன்" என்றாள். கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பியபோது பழைய துளசி ஆகியிருந்தாள்.

"இப்ப கேட்டுக்க. குரூப்ல உன் பேரப் போட்டு எழுது. ஜூலைக்குள்ள. அது ஒன்னு. இந்தக் கதயும் வரட்டும், நான் வேணான்னு சொல்ல மாட்டேன். என் பேர மாத்திக்க. எல்ஸிக்கா பேர மாத்திக்க. எங்கம்மா பேர மாத்தாத."

"சரிக்கா."

"உன் பேரயும் மாத்தியிருக்க, பெர்னடெட்டாம். கதைக்குள்ள அது எப்படியோ இருந்துட்டுப் போவட்டும். ஆனா கத உன் சொந்தப் பேர்லதான் வரணும். புனைபேரு கினைபேருல்லாம் கூடாது. ஒளிஞ்சுக்கிட்டுத்தானே படத்தப் போட்ட? இதையும் அப்படிப் போட்டா நான் எதுக்கு நம்பணும்?"

"எல்ஸி அண்ணிகிட்ட நீங்க—"

"உன் பேரு வரட்டும். அன்னிக்கு நானே வந்து தொட்டியத் தூக்கிக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் அவுங்ககிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?"

காகிதங்களைக் கம்பி வழியே திருப்பிக் கொடுத்தாள். ஏழும் சரியாக இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்க்கும்வரை நின்றாள்.

10

எட்டும் ஒன்பதும் அதற்குப் பிறகு எழுதியவை. துளசி அவற்றைப் பார்க்கவில்லை. அவற்றில் ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

குழுவில் போட வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். மூன்றே வரி. "இந்தப் பூவை உருவாக்கியவர் நான் அல்ல. இதன் பெயர் செல்லாயி. அனுமதி இல்லாமல் படம் எடுத்துப் போட்டது நான்." அதற்குக் கீழே என் பெயரை அடிக்க வேண்டும். முப்பது வருடம் எத்தனையோ கதைக்குக் கீழே அடித்த பெயர்தான். விரல் போகவில்லை. இந்தச் சின்ன ஊரில் நாளைக் காலை ரொட்டி வாங்கப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றெல்லாம் தோன்றுகிறது. இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும் கடிதத்திலும் ஆசிரியர் பெயர் என்று ஓர் இடம் காலியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்வதாக முடிவு செய்திருக்கிறேன். ஒன்று போனால் மற்றதும் போகும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

அந்த முகநூல் குழுவை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அதன் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். புந்தோங்குக்கு வந்து தொட்டிகளைப் பார்ப்பது என்றால் எந்தத் தெரு என்றும் சொல்லவில்லை. என் வார்த்தையை நம்புங்கள் என்றும் சொல்ல மாட்டேன். இதற்குள் ஒருமுறை ஏமாற்றிவிட்டேன்.

ஆனால் ஓர் இடத்தை நீங்களே சரிபார்க்கலாம். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தலைப்புக்குக் கீழே பாருங்கள். அங்கே ஒரு பெண்ணின் பெயர் இருந்தால், துளசி வந்து பதினான்கு தொட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எல்ஸி ஒரு பக்கம் பிடித்திருப்பாள். ஒன்றும் இல்லையென்றால், எல்ஸி இன்று காலையும் ரோட்டில் நின்றுதான் தண்ணீர் ஊற்றினாள்.